உடன் வந்தவர்

கப்பலின் சமையலறைக் கதவு மூன்றாம் பாகம் வரைக்கும் வலப்பக்கம் திறந்தது. நான்காம் பாகத்தில் இடப்பக்கம் திறந்தது. இதற்காக, நகமும் சதையுமாக இருந்த இரண்டு பேர் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக ஒருவர் சமாதானம் பேசப்போய், இரண்டு பக்கமும் வாங்கிக்கட்டிக்கொண்டு குழுவை விட்டே வெளியேறினார்.

‘கரையில்லாக் கப்பல்’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடருக்கான ரசிகர் குழு அது. எங்கே கிளம்பியது, எங்கே போகிறது என்று தெரியாமல் விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கும் ஒரு பெரிய கப்பல். அதை யார் கட்டினார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்கே மறந்துபோய்விட்டது. ‘தச்சர்’ என்று ஒருவர் கட்டினார், இன்னும் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பாதிப் பயணிகள் நம்புவார்கள். மீதிப்பேர் அதெல்லாம் கட்டுக்கதை என்பார்கள். தொடரை எடுத்தவர்கள் கடைசிவரை பதில் சொல்லாமலே கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பதில் சொல்லும் பொறுப்பை ரசிகர்கள் தங்கள் தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டார்கள்.

குழுவை நடத்தியவர் தனக்கு ‘மாலுமி’ என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். சாமி பூதம் எதுவும் கிடையாது, எதற்கும் ஆதாரம் வேண்டும் என்பது அவர் கட்சி. குழுவில் முக்கால்வாசிப்பேர் அப்படித்தான். ஆனால் தொடரில் எந்த வசனம் அசல், எது மறுஒளிபரப்பில் ஒட்டவைத்தது என்று பேச்சு வந்துவிட்டால், வேதம் படித்தவர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

கதவுச் சண்டையைத் தீர்த்துவைத்தது ‘விண்கல்’ என்ற பெயரில் எழுதும் ஒருவர். நீளமாக ஒரு கட்டுரை எழுதி, கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “ஆகவே நண்பர்களே, தச்சர் இருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்டூடியோவில் இருக்கிறார். தினக்கூலி. அன்றைக்கு அவசரத்தில் கீலை மாற்றி அடித்துவிட்டார்.”

குழு ஒரு வாரம் சிரித்தது. தச்சர் கட்சியின் பெரிய வாயான ‘பழைய பேட்டரி’ மட்டும் பதில் போட்டார்: “தினக்கூலி வாங்கினாலும் தச்சர் தச்சர்தானே. ஒத்துக்கிட்டதுக்கு நன்றி, தம்பி.”

அந்தத் தம்பி அப்போது ஒரு கண்ணாடிக் கடையின் இருட்டறையில், வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் அவளைச் ‘சின்னவள்’ என்றே எல்லாரும் சொல்வார்கள். கண் பரிசோதனை படித்தவள். எழுத்துப் பலகை, தாடையை வைத்துக்கொள்ள ஒரு கருவி, லென்சுகள் வரிசையாக அடுக்கிய பெட்டி, இருட்டு. அதுதான் அவள் உலகம். வருகிறவர்களில் பலர் திரையை விலக்கி அவளைப் பார்த்துவிட்டு, வெளியே பிரேம் விற்கிற ஆளிடம் திரும்பி, “டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்பார்கள். அந்த ஆளுக்குப் பிரேமைத் துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்பதே சமயத்தில் மறந்துவிடும்.

“கண்ணு பாக்குறது நான்தான். வாங்க, உக்காருங்க.”

“இல்ல, பரவால்ல, ஐயா வரட்டும்.”

“ஐயா வரமாட்டார். அப்படி ஒருத்தர் இல்ல.”

இதைக் கோபமில்லாமல் சொல்லப் பழகியிருந்தாள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கோபப்பட்டால் மாலையில் வீட்டுக்குப் போகத் தெம்பு இருக்காது.

குழுவில் அவள் பொய் சொல்லிச் சேரவில்லை. தமிழில் ‘நான் பார்த்தேன்’, ‘நான் நினைக்கிறேன்’ என்று எழுதுகிறவர் ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக்கொடுப்பதில்லை. சேர்ந்த அன்றே ஒருவர், “வாங்க தலைவா, செம எழுத்து” என்றார். திருத்தலாம் என்று விரல் போனது. அதே வாரம் பெண் பெயரில் ஒருத்தி சேர்ந்திருந்தாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்னால், அவளுக்குத் தொடரைப் பரிந்துரைத்தது அண்ணனா காதலனா என்ற கேள்வி வந்தது. சின்னவள் விரலை எடுத்துக்கொண்டாள். அதன்பின் ஆறு வருஷமாக அவள் தலைவா, மச்சான், டேய் விண்கல்லு. ‘டேய் விண்கல்லு, உனக்கு மூளையே இல்லையாடா’ என்று யாராவது எழுதினால் அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. அவளை அப்படி உரிமையோடு திட்டினவர்கள் வேறு எங்கும் கிடையாது.

இன்னொரு விஷயத்திலும் அவளை வேறு யாரோவாகத்தான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பதினான்கு பதினைந்து வயதிலேயே விட்டுப்போய்விட்டது. சண்டை போட்டு விட்டதில்லை. பால்பல் விழுகிற மாதிரி ஒருநாள் நாக்கால் தடவிப் பார்த்தபோது அங்கே இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் கும்பிடுவதை வெளிப்படையாக நிறுத்தினாள். உடனே அக்காவும் அக்கா புருஷனும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்: மாப்பிள்ளை நாத்திகர், அவர்தான் இவளை மாற்றிவிட்டார்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பராமரிக்கும் வேலை. கூண்டின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு, பத்துப் பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு மேலே கம்பியைச் சரிபார்க்கிறவன். ஏறுவதற்கு முன்னால் கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, ஏதோ முணுமுணுப்பான். தினமும். குடும்பத்தில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். “மேல நிக்கும்போது யாராச்சும் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு நினைச்சா கை நடுங்காது. அவ்வளவுதான்” என்பான். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை.

ஆனால் சகலை வீட்டில், “உங்க மாதிரி யோசிக்கிறவங்க வேற லெவல் சகலை. நாங்கெல்லாம் மந்தையோட போறவங்க” என்று அக்கா புருஷன் மரியாதையாகச் சொல்லும்போது, அவன் இல்லையென்று மறுத்ததில்லை. அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துவைப்பான். அக்காவோ தங்கையைத் தனியே கூப்பிட்டு, “அவரு ஆம்பளை, நாலையும் படிச்சு யோசிச்சு விட்டுட்டாரு. நீ எதுக்குடி கூடவே ஆடுற?” என்பாள்.

மாலுமி ஒருநாள் அறிவித்தார்: தொடர் முடிந்த ஆண்டுநிறைவுக்கு எல்லாரும் நேரில் சந்திக்கலாம். ஒரு பயிற்சி மையத்தின் மாடியில் அறை பிடித்திருக்கிறது. வருகிறவர்கள் புனைபெயரைப் பதிவு செய்யவும், துணைக்கு ஒருவரைக் கூட்டி வரலாம்.

சின்னவள் ரொம்ப யோசித்தாள். பிறகு பதிவு செய்தாள். “நீங்களும் வாங்க” என்று கணவனைக் கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதே.”

“சும்மா உக்காந்திருங்க. பிஸ்கட் தருவாங்க.”

சந்திப்பு நாளன்று மாடிப்படி ஏறும்போது ஹெல்மெட்டின் வார் அவள் தலைமுடியில் சிக்கிக்கொண்டது. அவன் இரண்டு படி முன்னால் போனான். வாசலில் மேசை போட்டு ஒரு தாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கப்பல் சிப்பந்திகளின் சாம்பல்நிறச் சீருடையைத் தைத்துப் போட்டிருந்தார். தொப்பை அதன் பொத்தான்களோடு போராடிக்கொண்டிருந்தது.

“பேரு?”

“விண்கல்” என்று அவள் பின்னாலிருந்து வாரை இழுத்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

தாடிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். எழுந்து அவள் கணவனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “தலைவா. நீங்களா. டேய், விண்கல் வந்தாச்சுடா.”

உள்ளே இருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். தாடிக்காரர் ‘விண்கல்’ என்று எழுதிய ஒட்டுச்சீட்டை அவன் சட்டைப்பையில் ஒட்டினார். பிறகு மரியாதையாக அவள் பக்கம் திரும்பி, “சிஸ்டர், இது உங்களுக்கு” என்று இன்னொன்றை நீட்டினார். அதில் ‘உடன் வந்தவர்’ என்று இருந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். ஒருத்தர் அவன் தோளைத் தட்டி, “அந்தக் கதவுக் கட்டுரை இருக்கே, பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன் தலைவா. எப்படி உங்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் தோணுது?” என்று கேட்டார்.

“ஏதோ… நேரம் கிடைக்கும்போது எழுதுறதுதான்” என்றான் அவன்.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவன் இன்னும் ஒரு நிமிஷத்தில் குட்டை உடைப்பான் என்று சுவரோரமாகப் போய் நின்றாள். நடுவில் அட்டையால் செய்த கப்பல் ஒன்று நீளமாக இருந்தது. அதைச் சுற்றி அவனை அழைத்துக்கொண்டு போனார்கள். மாலுமியே வந்து அவனுக்கு நாற்காலி போட்டார். அவன் தலையாட்டினான், உதட்டைப் பிதுக்கினான், “அது பார்க்கிறவங்க கோணத்தைப் பொறுத்தது” என்றான். அவர்கள் அதைக் கேட்டு ஆழமாக யோசித்தார்கள். சிரிப்பு அவளுக்குள்ளே மெல்ல வற்றியது. இதே வாக்கியத்தை அவள் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று தோண்டியிருப்பார்கள் என்று தோன்றியது. ஏன் தானே போய்ச் சொல்லவில்லை என்றும் தெரியவில்லை. தன் வீட்டைத் தானே வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெண், அவளும் யாருடனோ வந்தவள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டாள். “உங்க வீட்டுக்காரரும் ராப்பகலா இதே வேலையா?”

“வீட்டுல ஒருத்தர் அப்படித்தான்” என்றாள் சின்னவள்.

அப்போதுதான் முழங்கை வரை சட்டையை மடித்துவிட்ட ஒரு பெண், கனமான செருப்புச் சத்தத்தோடு உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். கூட யாரும் இல்லை. ஒட்டுச்சீட்டைத் தானே பேனாவால் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள்: ‘பழைய பேட்டரி’. அறையில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அவள் யாரையும் பார்க்காமல் நேரே ‘விண்கல்’ சீட்டு ஒட்டியிருந்தவனிடம் போனாள்.

“தம்பி, நீதானா அது? ஆறு வருஷமா உன்கிட்ட ஒரு கேள்விக்குப் பதில் வாங்க முடியல. ரெண்டாம் பாகத்துல தச்சரோட குரல் கேக்குது. நீ அது காத்துக்குழாய்ச் சத்தம்னு எழுதின. சரி, குழாயை அடைச்ச பிறகும் எப்படிக் கேட்டுச்சு?”

அவன் விழித்தான். “அது… கம்பி ஆடுற சத்தமா இருக்கும். எண்ணெய் போடலன்னா அப்படித்தான்.”

“எந்தக் கம்பி?”

“குழாயை அடைக்கவே இல்ல” என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. சின்னவளுக்கே தான் பேசிவிட்டது பிறகுதான் தெரிந்தது. “அடைக்கச் சொல்லி உத்தரவு போச்சு. அவ்வளவுதான். அடைக்கப் போனவன் அடுத்த காட்சியிலேயே செத்துட்டான். நீங்க உத்தரவைப் பார்த்துட்டு வேலை முடிஞ்சிடுச்சுன்னு நம்பிட்டீங்க. உங்க கட்சி ஆளுங்களுக்கே அந்தப் பழக்கம் உண்டு.”

பழைய பேட்டரி திரும்பி, சின்னவளின் முகத்தைப் பார்த்தாள், அவள் நெஞ்சில் இருந்த ‘உடன் வந்தவர்’ சீட்டைப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தாள்.

“இந்தத் திமிரு எனக்குத் தெரியும்” என்றாள். “நீதானா அது?”

“நீங்க ஆம்பளைன்னு நினைச்சேன்” என்றாள் சின்னவள்.

“நான் மட்டும் என்ன. ஆறு வருஷமா தம்பி தம்பின்னு கூப்பிட்டிருக்கேன்.”

மாலுமி இரண்டு கையையும் உயர்த்தினார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தவில்லை. “ஒரு நிமிஷம். தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். ஆதாரம் இல்லாம எதையும் ஏத்துக்கறதில்லைங்கறது நம்ம குழுவோட கொள்கை. சும்மா ரெண்டு மூணு கேள்வி கேட்டுக்கறேன்.”

“கேளுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு. இவர் உள்ள வந்தப்ப எத்தனை கேள்வி கேட்டீங்க?”

“அது… அவரைப் பார்த்ததும்…”

“பார்த்ததும்?”

மாலுமி வாக்கியத்தை முடிக்கவில்லை. மோசமான ஆள் இல்லை. அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. காது சிவந்தது. அவள் கணவன் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்த சீட்டைப் பிய்த்தான். பசை துணியைப் பிடித்து இழுத்தது. அதை அவளிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தன்னுடையதையும் உரித்து அதனோடு போட்டாள்.

கேள்வி எதையும் அப்புறம் யாரும் கேட்கவில்லை. கைதட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் எல்லாரும் அட்டைக் கப்பலை மும்முரமாகப் பார்த்தார்கள்.

பெண்கள் இருவரும் மூலையில் இரண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். பழைய பேட்டரி கால்நடை மருத்துவர். காலையில் ஒரு பண்ணையில் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, அப்படியே வந்திருந்தாள். டீ வந்தது. அவள் குடிப்பதற்கு முன்னால் கண்ணை மூடி, உதடு அசைய, இரண்டு மூச்சு நேரம் இருந்தாள்.

சின்னவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “நீங்க சாமி கும்பிடுவீங்களா?”

“தினமும். கன்னு குறுக்க கிடக்கும்போது தோள்வரைக்கும் கையை உள்ள விட்டு நிப்பேன்ல, அப்ப இன்னும் பலமா. ஏன், கும்பிடக்கூடாதா?”

“இல்ல. உங்க வாதமெல்லாம் அவ்வளவு சுத்தமா இருக்கும். ஒரு ஓட்டை இருக்காது. அதனால…”

“அதனால?” என்று கேட்டு மருத்துவர் அவளையே பார்த்தாள். கேலி இல்லை. பதில் வேண்டும் என்றுதான் பார்த்தாள்.

சின்னவளாலும் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆறு வருஷமாக அவள் மனதில் பழைய பேட்டரிக்கு ஒரு உருவம் இருந்தது: கறுப்புச் சட்டை, தூக்கமில்லாத கண், எதையும் நம்பாத ஒரு இளைஞன். விளையாட்டுக்குத்தான் தச்சர் கட்சியில் நின்று மல்லுக்கட்டுகிறான் என்று நினைத்திருந்தாள். இவ்வளவு ஒழுங்காக யோசிக்கிறவர் நிஜமாகவே நம்புகிறவராக இருப்பார் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மாலுமி தன்னைப் பார்த்து எடுத்த முடிவை, சின்னவள் பேட்டரியைப் பார்க்காமலே எடுத்திருந்தாள்.

“மன்னிச்சுக்கோங்க” என்றாள்.

“விடு. ஆனா அந்தக் குழாய் விஷயத்தை நான் விடமாட்டேன். உத்தரவு போன நேரத்தை மறுபடி பாரு.”

வீட்டுக்கு வந்து, அவன் சமையலறை விளக்கைப் போட்டு, தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து, மறுபடி எடுத்துக் கழுவினான்.

“நீங்க ஏன் சொல்லல?” என்று கேட்டாள்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்.” அவன் டம்ளரைத் துடைத்தான். “நான் எந்தக் கட்டடத்துக்குள்ள போனாலும், லிஃப்ட்காரன் வந்துட்டான், அந்தப் பக்கமா விடுங்கன்னுதான் சொல்லுவாங்க. என்னைப் பார்த்து ஒருத்தர் எழுந்து நின்னது இதுதான் முதல் தடவை. சும்மா ஒரு நிமிஷம் நின்னு பார்த்தேன். அப்புறம் இறங்க வழி தெரியல.”

“நல்லா இருந்துச்சா?”

“நல்லா இருந்துச்சு” என்றான். பிறகு, “உன்னைப் பார்க்கிற வரைக்கும்” என்றான்.

அவள் கோபமாகத்தான் இருந்தாள். ஆனாலும் பொய் சொல்லாமல் சொன்னானே என்றிருந்தது. “அங்க மட்டும் இல்ல. அக்கா வீட்டுலயும் இதேதான் நடக்குது. என் எழுத்தை ஒரு மணி நேரம் வச்சிருந்தீங்க. நான் நம்பாததை ஒம்பது வருஷமா வச்சிருக்கீங்க.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். இதை அவன் அப்படி யோசித்ததே இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

குழுவில் மறுநாளே காற்று மாறியிருந்தது. யாரும் அவளை வையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ‘வணக்கம் மேடம்’, ‘சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று எழுதினார்கள். அவள் நுழைந்ததும் ஓடிக்கொண்டிருந்த கேலி பாதியில் நின்றது. ஒருவர் அவளுடைய கதவுக் கட்டுரையை அவளுக்கே விளக்கினார். மாலுமி தனியாக நீண்ட மன்னிப்பு எழுதினார், நல்ல மனதோடு. அதிலேயே பெண்களுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கினால் வசதியாக இருக்குமா என்றும் கேட்டிருந்தார். அவள் வேண்டாம் என்றாள். ஆறு வருஷமாகத் தன்னைத் திட்டிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒரே நாளில் இழந்தது போலிருந்தது. உண்மையைச் சொன்னதற்கு இப்படியும் ஒரு விலை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பழைய பேட்டரி மட்டும் மாறவில்லை. தன்னைச் ‘சிஸ்டர்’ என்றவர்களையெல்லாம் வரிக்கு வரி ‘பிரதர்’ என்று அழைத்து நோகடித்தாள். சின்னவளிடம், “உத்தரவு போன நேரத்தைப் பார்த்தியாடி, மூளைகெட்டவளே” என்று எழுதினாள். அந்த ‘டி’யைச் சின்னவள் இருட்டறையில் இரண்டு தடவை படித்தாள். பிறகு நேரத்தைச் சரிபார்த்தாள். பேட்டரி பார்க்கச் சொன்னது சரிதான். உத்தரவு போனது குரல் கேட்டதற்குப் பிறகுதான். அடைத்த பிறகு கேட்டது என்ற பேட்டரியின் வாதமும், அடைக்கப் போனவன் செத்துவிட்டான் என்ற அவள் வாதமும் சேர்ந்தே அடிபட்டுப்போயின. அதை அப்படியே குழுவில் எழுதினாள். யாரோ ஒருவர், பழக்கதோஷத்தில் போலும், “டேய் விண்கல்லு, நீயே ஒத்துக்கிட்டியா” என்று எழுதிவிட்டு உடனே அழித்தார். அழிப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அக்கா புருஷனுக்குப் பித்தப்பையில் கல் என்று அறுவைச் சிகிச்சை ஆனது. பார்க்கப் போனார்கள். அவர் சோபாவில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்துகொண்டு, எடுத்த கற்களை ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

“பெருசு பாருங்க சகலை, கொண்டைக்கடலை சைசு. ஆண்டவன் புண்ணியத்துல தப்பிச்சேன். நீங்க ஒத்துக்கமாட்டீங்க, டாக்டர் புண்ணியம்பீங்க.” சிரித்தார், சிரித்ததும் தையல் இழுத்து முகத்தைச் சுளித்தார். “உங்க கொள்கை உங்களுக்கு. அதுக்கு நான் எப்பவும் மரியாதை குடுக்கறவன்.”

சின்னவளின் கணவன் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான். மேசையில் வைத்தான். “சகலை, எனக்கு அப்படி ஒரு கொள்கையும் இல்ல. நான் கும்பிடறவன். லிஃப்ட் மேல ஏறும்போது தினமும் கும்பிடுறேன். நீங்க ஆபரேஷன்ல இருந்தப்பவும் கும்பிட்டேன். நம்பாதது இவதான். கல்யாணத்துக்கு முன்னாடியே அப்படித்தான்.”

அக்கா புருஷன் அது நகைச்சுவை என்று நினைத்துப் பாதி சிரித்தார். மச்சினியைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். சிரிப்பு நின்றது. ஒன்பது வருஷமாகப் பெரிய படிப்பாளியாக உட்கார்ந்திருந்தவன், அந்த நாற்காலியிலேயே சாதாரண ஆளாகிவிட்டான்.

“ஓஹோ” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, மச்சினியிடம், “உனக்கு எதுக்கும்மா இந்தத் திமிரெல்லாம்?” என்றார்.

நேற்றுவரைக்கும் கொள்கையாக இருந்தது. அவன் நாற்காலியிலிருந்து அவள் நாற்காலிக்கு வருவதற்குள் அது திமிராகிவிட்டது. சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். தையல் போட்ட வயிற்றோடு உட்கார்ந்திருந்தவரிடம் இன்றைக்கு வேண்டாம் என்று, காலியான தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அக்கா அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது. திரும்பவில்லை.

“எப்ப இருந்துடி?”

“நான் ஒம்பதாவது படிக்கும்போது.”

“அப்ப நீயும் நானும் ஒரே கட்டில்.”

“ஆமா.”

“ஒரே போர்வை. உனக்கு முதல் பல் விழுந்தது, பரீட்சையில காப்பியடிச்சது, எல்லாம் எனக்குத் தெரியும். இது மட்டும் தெரியாது.” அக்காவின் கை ஒரே கரண்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. “நான் அந்த மனுஷனைப் போய் மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன். என் தங்கச்சியைக் கெடுத்துட்டாருன்னு. உனக்கா ஒண்ணு தோணும்னே நான் நினைக்கலையே.”

சின்னவள் நகர்ந்து அக்கா பக்கத்தில் நின்றாள். கழுவிய தட்டை வாங்கித் துடைத்தாள்.

“ஒண்ணு கேக்கறேன். அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா கிடந்தப்ப, ரெண்டு பேரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியில நின்னோம். நான் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன். நீயும் என் பக்கத்துல கண்ணை மூடிக்கிட்டு நின்ன. நாம ரெண்டு பேரும் சேர்ந்து வேண்டினோம்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருக்கேன். அப்ப நீ என்னடி பண்ணிக்கிட்டிருந்த?”

“நீ நடுங்கிக்கிட்டிருந்தக்கா. உன் கையைப் பிடிச்சிக்கிட்டிருந்தேன்.”

“வேண்டவே இல்லையா?”

“இல்ல.”

அக்கா குழாயை நிறுத்தினாள். கூடத்தில் அக்கா புருஷன், லிஃப்ட் நடுவில் நின்றுபோனால் உள்ளே காற்று வருமா என்று சகலையைக் கேட்பதும், அவன் தெம்பாக, விவரமாகப் பதில் சொல்வதும் கேட்டது. அக்காவின் கண் கலங்கியிருந்தது. கோபமா, வேறு எதுவா என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை.

“இறுக்கித்தான் பிடிச்சிருந்த” என்றாள் அக்கா கடைசியில். “மறுநாள் வரைக்கும் விரல் வலிச்சுது.”

பிறகு குழாயை மறுபடி திறந்து, அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.